கேள்வி-பதில்: ஸ்க்ரீன் ரெக்கார்டிங் திக்கித் திக்கி ஓடினால்

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பகுதி கணினித் திரையை வீடியோவாகப் பதிவு செய்வது பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன். அடிக்கடி வரும் இரண்டு சொற்கள்: ஓபிஎஸ் என்பது திரையைப் பதிவு செய்யும் இலவச மென்பொருள்; எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை ஃப்ரேம் (படம்) பதிவாகிறது என்ற எண்ணிக்கை.

கேள்வி: ஐயா, பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை ஸ்லைடு போட்டு ரெக்கார்ட் செய்து மாணவர்களுக்கு அனுப்புகிறேன். நான்கு வருட ஐ3 லேப்டாப். தரம் கூடும் என்று ஒருவர் சொன்னதால் ஓபிஎஸ்ஸில் 60 எஃப்பிஎஸ், எக்ஸ்264, ‘ஸ்லோ’ என்று வைத்தேன். வீடியோ விட்டு விட்டு ஓடுகிறது. புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?
— ஆசிரியை, பாலக்கோடு

பதில்: வேண்டவே வேண்டாம். எக்ஸ்264 என்பது வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்; முழு வேலையையும் பிராசஸர் மேல் ஏற்றும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 17 மில்லி நொடிக்கும் குறைவு. ‘ஸ்லோ’ என்பது ஒவ்வொரு ஃப்ரேமையும் நின்று நிதானமாகச் சுருக்கும் முறை. உங்கள் ஐ3 பிராசஸர் அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாமல் ஃப்ரேம்களை விட்டுவிடுகிறது.

உங்கள் லேப்டாப்பிலேயே இன்டெலின் ‘குயிக் சிங்க்’ இருக்கிறது. வீடியோவைச் சுருக்குவதற்கென்றே சிப்புக்குள் வைத்த தனிப் பகுதி அது, 2011-லிருந்து வருகிறது. ஓபிஎஸ் செட்டிங்ஸில் ரெக்கார்டிங் என்கோடராக (வீடியோவைச் சுருக்குவது) ‘குயிக் சிங்க் எச்.264’ஐத் தேர்ந்தெடுங்கள். எஃப்பிஎஸ் 30 போதும். ஸ்லைடு பாடத்தில் 60-க்கு வேலையே இல்லை. அப்புறமும் தடுக்கினால் ‘ஸ்டாட்ஸ்’ பலகையைத் திறந்து பாருங்கள். ‘என்கோடிங் லேக்’ எண் ஏறினால் என்கோடருக்குச் சுமை அதிகம். ‘ரெண்டரிங் லேக்’ ஏறினால் கிராபிக்ஸ் பகுதி திணறுகிறது; பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசரை மூடுங்கள்.

கேள்வி: 24 எஃப்பிஎஸ் வைத்தால் சினிமா மாதிரி வருமா?
— காவேரிப்பட்டணம்

பதில்: வராது. கணினித் திரை பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். 24 அதில் சரியாக வகுபடாது, மவுஸ் நகர்வு குதிக்கும். 30 அல்லது 60.

கேள்வி: ‘4கே கேப்சர் கார்டு, யூஎஸ்பி 3.0, 60 எஃப்பிஎஸ்’ என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் வாங்கினேன். கேம் கன்சோலின் படத்தைக் கணினியில் பதிவு செய்யத்தான் இந்தக் கார்டு. ஆனால் கன்சோலை இணைத்தால் 1080பி-யில் (முழு எச்டி) 30 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் வரவில்லை. கேபிளை மாற்றச் சொல்கிறார் விற்றவர்.
— கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: தம்பி, கேபிள் மேல் பழி போடுவதை நம்பாதீர்கள். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நானும் இதே மாதிரி ஒன்றை வாங்கினேன். முனை 3.0-க்கு வழக்கமான நீல நிறம், அட்டையில் யூஎஸ்பி 3.0, உள்ளே இருந்தது 2.0. டிரைவர் போடுங்கள், வேறு போர்ட்டில் செருகுங்கள் என்று இழுத்தடித்தே திருப்பி அனுப்பும் கெடுவைத் தாண்ட வைத்துவிட்டார் விற்றவர்.

இந்த அட்டை எழுத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. ‘4கே’ என்று பெரிதாக அச்சடிப்பது கார்டு உள்ளே வாங்கிக்கொள்ளும் சிக்னலின் அளவு. பதிவாகும் அளவு வேறு. அது பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080பி, 60 எஃப்பிஎஸ் வீடியோவைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 2 ஜிகாபிட். யூஎஸ்பி 2.0-இன் உச்ச வேகமே நொடிக்கு 480 மெகாபிட், அரை ஜிகாபிட் கூட இல்லை. அதனால்தான் மலிவுக் கார்டுகள் படத்தை எம்ஜேபெக் என்ற முறையில் சுருக்கித் தள்ளுகின்றன. எழுத்து மங்குகிறது, வேகம் குறைகிறது. நீல பிளாஸ்டிக் போட்டால் 2.0 ஒருபோதும் 3.0 ஆகிவிடாது. வாங்கும் முன் ‘அதிகபட்ச ரெக்கார்டிங் ரெசல்யூஷன், எஃப்பிஎஸ் எவ்வளவு’ என்று எழுத்தில் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஓபிஎஸ்ஸில் அந்தக் கார்டின் பண்புகளில் ரெசல்யூஷன், எஃப்பிஎஸ் பட்டியல் காட்டும். அதையும் விளம்பரப் பக்கத்தையும் படம் பிடித்து இன்றே புகார் கொடுங்கள். விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று: சொந்தக் கணினியின் திரையை அதே கணினியில் பதிவு செய்ய கேப்சர் கார்டே தேவையில்லை. மற்றவர்களும் கவனிக்கவும்.

கேள்வி: ரெக்கார்டிங் ஸ்மூத்தாக வரும் என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதி, ஜிடி 1030 கார்டு போட்டுக் கொடுத்தார். என்வென்க் என்ற தேர்வே ஓபிஎஸ்ஸில் வரவில்லை.
— ஊத்தங்கரை

பதில்: வராது. என்வென்க் என்பது பல என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் இருக்கும் வீடியோ என்கோடர். ஜிடி 1030-இல் அது கிடையாது. டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் முளைக்காது. எதற்கு என்று சொல்லிக் கேட்டும் அதற்கு உதவாததைக் கொடுத்திருக்கிறார். உங்கள் மேல் தவறு இல்லை. பில்லும் அந்த வாட்ஸ்அப் செய்தியும்தான் உங்கள் பலம், அழித்துவிடாதீர்கள். முதலில் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஐ5-12400எஃப் பிராசஸர் மலிவாகக் கிடைத்தது. குயிக் சிங்க் வரவில்லை. பில் வாங்கவில்லை. மாற்றித் தருவார்களா?
— கிருஷ்ணகிரி

பதில்: தர மாட்டார்கள். பெயரின் கடைசியில் உள்ள ‘எஃப்’ உள் கிராபிக்ஸ் இல்லை என்பதற்கான அடையாளம். உள் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் குயிக் சிங்க்கும் இல்லை. மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே அதுதான். வண்டிச் செலவு செய்து அவ்வளவு தூரம் போகிறவர், போகும் முன் ஐந்து நிமிடம் படித்திருக்கலாம். பில்லும் வாங்கவில்லை என்றால் நான் யாரிடம் போய் உங்களுக்காகப் பேசுவது? ஆறு கோர் இருக்கிறது. எக்ஸ்264, ‘வெரிஃபாஸ்ட்’ (‘ஸ்லோ’வுக்கு நேர்மாறான வேக முறை), 30 எஃப்பிஎஸ் வைத்தால் நன்றாகவே வரும்.

கேள்வி: ஒரு மணி நேரம் பதிவு செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. எம்பி4 ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது.
— பென்னாகரம்

பதில்: உங்கள் உழைப்பு போனது வருத்தமாக இருக்கிறது. சாதாரண எம்பி4-இல் ஃபைலைப் படிக்கத் தேவையான அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் நின்றால் அட்டவணை இல்லை. இனி எம்கேவி என்ற ஃபைல் வகையில் பதிவு செய்யுங்கள். அதில் கிட்டத்தட்ட கரண்ட் போன நொடி வரை மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ‘ரீமக்ஸ்’ கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். இதற்காக யூபிஎஸ் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: போனில் எடுத்த ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை எடிட் செய்தால் குரல் பின்தங்குகிறது.
— அரூர்

பதில்: போன் பதிவில் எஃப்பிஎஸ் ஏறி இறங்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ வைத்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். புது மைக் வேண்டாம்.

கேள்வி: எச்.265-க்கு மாறினால் இடம் மிச்சமாமே?
— பர்கூர்

பதில்: மிச்சம்தான். எச்.264, எச்.265 இரண்டும் வீடியோவைச் சுருக்கும் முறைகள்; 265 இன்னும் அதிகமாகச் சுருக்கும். ஆனால் பழைய கணினியில் எடிட் செய்யும்போது திணறும். எச்.264-இலேயே இருங்கள்.

கேள்வி: பிட்ரேட் 50,000 வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் வேகம் போதாது, எஸ்எஸ்டி வாங்கு என்கிறார்கள்.
— தர்மபுரி

பதில்: பிட்ரேட் என்பது நொடிக்கு எத்தனை கிலோபிட் பதிவாகிறது என்ற கணக்கு. 50,000 என்பது நொடிக்கு 6 எம்பி சொச்சம். நல்ல நிலையில் உள்ள சாதாரண ஹார்ட் டிஸ்க் அதைச் சுலபமாக எழுதும். ஆனால் மணிக்கு 22 ஜிபிக்கு மேல் தின்னும். 1080பி-க்கு யூடியூப் சொல்வதே 30 எஃப்பிஎஸ்ஸுக்கு 8,000, 60-க்கு 12,000. 8,000 வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி. எடிட் செய்யப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் கூட்டி 15,000 வையுங்கள். எஸ்எஸ்டி வாங்கினால் கணினி சீக்கிரம் திறக்கும். அதற்காக வேண்டுமானால் வாங்குங்கள்.