அட்டையில் எழுதிய பெயர்கள்

(தருமபுரியில் 1983 முதல் 2004 வரை கேசட் பதிவுக் கடை நடத்தியவர், வாசகர்களின் பாட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, எங்கள் கல்லூரி விழாவில் ஒரு பெண் ‘போறாளே பொன்னுத்தாயி’ பாடினாள். அரங்கமே பேச்சு மூச்சில்லாமல் கேட்டது. இதை முதலில் பாடியது யார் என்று கேட்டால் ஒருவர் ஜானகி என்கிறார், இன்னொருவர் சித்ரா என்கிறார். யார்தான் பாடியது? – மாணவி, அரூர்

சுவர்ணலதா, கண்ணு. பேரை எழுதி வைத்துக்கொள்.

1994இல் வந்த ‘கருத்தம்மா’ படம். பாரதிராஜா இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை, வைரமுத்து வரிகள். அந்த ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த பாடகி சுவர்ணலதா, இந்தப் பாட்டுக்காக. சிறந்த பாடலாசிரியர் வைரமுத்து, சிறந்த பாடகர் உன்னிகிருஷ்ணன். மூன்றுமே தமிழுக்கு, மூன்றுமே ரஹ்மான் இசையமைத்த பாட்டுகளுக்கு.

உனக்குத் தப்பாகச் சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடையில் இருபத்தோரு வருடம் உட்கார்ந்தவன் நான். “கருத்தம்மால அந்த அழற பாட்டு” என்று கேட்டு வந்தவர்கள் ஏராளம், பாடினவர் பேரைச் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. ‘சத்ரியன்’ படத்து ‘மாலையில் யாரோ’, ‘சின்னத்தம்பி’யில் ‘போவோமா ஊர்கோலம்’, ‘தளபதி’யில் ‘ராக்கம்மா கையத் தட்டு’, எல்லாம் அதே குரல்தான். 1994லேயே ‘காதலன்’ படத்தில் மனோவோடு ‘முக்காபுலா’ பாடியதும் அவர்தான். அதையும் பொன்னுத்தாயியையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் ஒரே ஆள் என்று நம்ப மறுப்பார்கள். ஊர் முழுக்கக் குரலைத் தெரிந்து வைத்திருந்தது, பேர் மட்டும் தெரியாது. இது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

கேசட் அட்டையில் படத்தின் பேரும் பாட்டின் முதல் வரியும் எழுதினால் போதும் என்பதுதான் கடைக்காரர்கள் வழக்கம். நான் பாடியவர் பேரையும் பச்சை மையில் எழுதிக் கொடுப்பேன். நேரம் பிடிக்கும், சில வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனாலும் எழுதினேன்.

ஒரே ஒருவர் மட்டும் பேர் கேட்டார். சந்தைக்குப் புளி கொண்டுவந்த ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும். காலி கேசட் ஒன்றை வாங்கி என்னிடமே கொடுத்து, “ரெண்டு பக்கமும் அந்தப் பொன்னுத்தாயி பாட்டையே பதிஞ்சு குடு சாமி” என்றார். வேறு பாட்டும் போடட்டுமா என்றேன், வேண்டாம் என்று விட்டார். சரி என்று திரும்பத் திரும்ப அதையே பதிந்தேன். முடியும் வரை வாசல் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், “இந்தப் பொண்ணு யாரு?” என்றார். சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். “சொர்ணலதா, சொர்ணலதா” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அந்தப் படம் பெண் சிசுக்கொலையைப் பற்றியது. நம் பக்கத்தில் அது சினிமாவுக்காகக் கட்டிய கதை இல்லை. பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் அதைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று பக்கத்துச் சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது என்றால் காரணம் இல்லாமலா? அந்த அம்மா ஏன் அந்தப் பாட்டையே கேட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சுவர்ணலதா 1987இல் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் பாட வந்தார். 2010 செப்டம்பர் 12 அன்று இறந்தபோது அவருக்கு 37 வயதுதான். உங்கள் கல்லூரியில் பாடிய அந்தப் பெண்ணிடம் அடுத்த முறை மேடை ஏறும்போது, பாடுவதற்கு முன்னால் இந்தப் பேரைச் சொல்லச் சொல்.

என் அப்பா லாரி ஓட்டியவர். தருமபுரியில் நிறுத்தி கேசட் பதிந்து வாங்கிப் போவாராம். டிரைவர்கள் எந்த மாதிரிப் பாட்டு கேட்பார்கள்? – வாசகி, காவேரிப்பட்டணம்

அவர்கள்தான் எனக்குச் சோறு போட்டவர்கள் அம்மா. தொண்ணூறு நிமிட கேசட்தான் கேட்பார்கள், பக்கத்துக்கு 45 நிமிடம். பாரம் ஏற்றிய வண்டியில், தருமபுரியில் போட்ட பக்கம் காரிமங்கலம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும், திருப்பிப் போட்டால் கிருஷ்ணகிரி என்று தூரத்தையே கேசட்டால் சொல்வார்கள்.

ராத்திரி ஓட்டத்துக்குத் தாலாட்டு மாதிரிப் பாட்டு கூடவே கூடாது. “ரெண்டு மணிக்குக் கண்ணு சொக்கும்ணா, அந்த நேரத்துக்கு டி.எம்.எஸ். குரல் வேணும்” என்பார் ஒருவர். இன்னொருவர் மலேசியா வாசுதேவன் மட்டுமே நிறைத்து வாங்குவார். சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாய் வந்ததும் டேப்பை நிறுத்திவிடுவார்களாம், இறக்கத்தில் பிரேக் சத்தம் காதில் விழ வேண்டும் என்பதற்காக. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் நிறுத்தியிருப்பார்.

இளையராஜா ரசிகர், ரஹ்மான் ரசிகர் என்று நண்பர்களுக்குள் பெரிய சண்டை. நீங்கள் எந்தப் பக்கம்? – வாசகர், ஓசூர்

தம்பி, ரஹ்மான் சின்னப் பையனாக இருந்தபோது இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்தவர். இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யில் அறிமுகமாவதற்கு முன் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். அவர்களுக்குள் இருப்பது இப்படிக் கைமாறி வந்த வேலை.

1992இல் ‘ரோஜா’ வந்தபோது என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அதுவரை பாட்டுக்காக வந்த பையன்கள் அந்த மாதம் சத்தத்துக்காக வந்தார்கள். டெக்கைப் பெரிய ஸ்பீக்கரில் போடச் சொல்லி, கீழ்ச்சத்தம் நெஞ்சில் அதிர்வதை நின்று கேட்டார்கள். எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. அதற்காக என் கடையில் ராஜா கேசட் கேட்பவர்கள் குறையவும் இல்லை. வயல் வேலைக்குப் போகிற வீட்டில் காலையில் ஒலித்தது ராஜா, கல்லூரி விடுதியில் ரஹ்மான். நான் பதிந்து கொடுத்தது இரண்டு வீட்டுக்கும். மேலே சொன்ன சுவர்ணலதா பாடியதும் இரண்டு பேருக்கும்தான்.

இப்போது வரும் பாட்டு எதுவும் மனதில் நிற்பதில்லை, ஒத்துக்கொள்கிறீர்களா? – வாசகர், கிருஷ்ணகிரி

இல்லை. 2013இல் வந்த ‘தங்க மீன்கள்’ படத்து ‘ஆனந்த யாழை’ என் பேத்தியைத் தூங்க வைத்த பாட்டு. யுவன் இசை, நா. முத்துக்குமார் வரி, பாடியவர் ஸ்ரீராம் பார்த்தசாரதி. இருபது வருடம் கழித்து அவள் அதைக் கேட்டால் என்ன ஆவாள் என்று நினைத்துப் பாருங்கள்.

காலமான என் மாமனாரின் டிரங்குப் பெட்டியில் நாற்பது கேசட்டுகள் இருக்கின்றன. சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. பழைய டேப் ரெக்கார்டர் ஓடவில்லை. எல்லாம் சினிமாப் பாட்டுத்தானே, இப்போது போனிலேயே கிடைக்கிறதே என்று வீட்டில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது? – வாசகி, பென்னாகரம்

போடாதீர்கள் அம்மா. பாட்டு போனில் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கேசட்டில் பாட்டு மட்டும் இருக்காது.

1988 என்று நினைவு. உங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஒரு பெண் பழைய கேசட் ஒன்றைக் கொடுத்து, அதன் மேலேயே புதுப் பாட்டுகள் பதியச் சொன்னார். கணவர் வளைகுடாவில் வேலை. பதிந்து கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து இடுப்பில் குழந்தையோடு வந்தார். அந்த கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், பாட்டுகள் முடிந்த பிறகு, கணவர் அங்கிருந்து பேசி அனுப்பியது இருந்திருக்கிறது. அப்போது பலர் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். கேசட் மாறிப்போய்க் கொடுத்துவிட்டார். “பரவால்லீங்கண்ணா, பாப்பா அதைக் கேட்டாத்தான் தூங்கும், அதான்...” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழிந்த குரலை எந்த மெஷினும் திருப்பித் தராது. அன்றிலிருந்து யார் பழைய கேசட் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் ஓட்டிக் கேட்காமல் நான் பதிந்ததில்லை.

அதனால் உங்கள் நாற்பதையும் கடைசி வரை கேட்டாக வேண்டும். முதலில் பூஞ்சை பிடித்ததையெல்லாம் தனிப் பெட்டியில் வையுங்கள். அவற்றை நல்ல டேப் ரெக்கார்டரில் போட்டால் பூஞ்சை, டேப்பைத் தொட்டுச் சத்தத்தை எடுக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும், நீங்களாகத் துடைக்க வேண்டாம்.

ரெக்கார்டர் ஓடாததற்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்ததோ இளகிப்போனதோதான் காரணம். பழைய ரேடியோ பழுது பார்ப்பவர்கள் மாற்றிக் கொடுப்பார்கள். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள். கேசட்டைப் போடுவதற்கு முன், அதன் வாயில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு இருக்கிறதா பாருங்கள். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாகக் கேட்கும், டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது.

வருடக்கணக்காக ஓடாத டேப் சுருளோடு ஒட்டியிருக்கும். பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி, இளகுகிறதா பார்த்த பிறகு, ஒரு தடவை முழுக்க ஓட்டித் திருப்புங்கள். தொண்ணூறு நிமிட கேசட்டில் டேப் மெல்லிசு, சட்டென்று அறுந்துவிடும், அதை வேகமாக ஓட்டவே வேண்டாம். அப்புறம் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஒயர் எடுத்துக் கணினியில் சேருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அறுபது நிமிட கேசட் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. பாட்டு நின்றதும் எழுந்து போய்விடாதீர்கள், டேப் தீரும் வரை ஓடட்டும்.

மாமனார் குரல் எங்காவது வந்தால், கூடவே யார் பேசுகிறார், யார் சிரிக்கிறார், எந்த வீடு, எந்த வருடம் என்று தெரிந்ததையெல்லாம் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் மாமியார் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். அந்தக் குரல்களுக்குப் பேர் சொல்ல அவரால்தான் முடியும்.