எண்ணெய் கொட்டிய புண்ணில் வேப்பிலை அரைத்துப் போடலாமா?

கேள்வி: வயது 58. காரைக்குடிப் பக்கம், கல்யாணப் பலகாரம் சுட்டுக் கொடுக்கும் தொழில். 12 நாளுக்கு முன் தேன்குழல் பிழியும்போது காய்ந்த எண்ணெய் முன்கையில் கொட்டிவிட்டது. மாத்திரையிலும் வெள்ளைக் களிம்பிலும் ஆறி வந்த புண், இப்போது ஓரம் கறுத்து, மேலே வெள்ளையாகப் படர்கிறது. சர்க்கரையும் உண்டு. வேப்பிலை, மருதாணிச் சாறு பூஞ்சையைக் கொல்லும் என்று ஆய்வில் வந்திருக்கிறதாம். அரைத்துப் போடச் சொல்கிறான் மகன். போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. மகன் சொல்வது பொய்யில்லை. வேம்பு, மருதாணி, சீமை அகத்தி, மஞ்சள் எல்லாமே ஆய்வுக்கூடத்தில் கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளைத் தடுத்திருக்கின்றன. ஆனால் அங்கே என்ன செய்கிறார்கள்? இலையை உலர்த்திப் பொடித்து, எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்துச் சத்தை மட்டும் எடுக்கிறார்கள். அதைப் பூஞ்சை விதைத்த தட்டில் வைத்து, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டருக்கு வளரவில்லை என்று அளக்கிறார்கள். அந்தத் தட்டில் சீழ் கிடையாது, வெந்து செத்த தோல் கிடையாது, சர்க்கரை ஏறிய இரத்தமும் கிடையாது. அம்மியில் அரைத்த விழுதில் மருந்துச் சத்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இலையோடு வரும் மண்ணில் பூஞ்சை வித்து இருக்கும் என்பது மட்டும் நிச்சயம். தோல் கிழியாமல் லேசாகச் சிவந்த இடத்தில் கற்றாழைச் சோறு தடவினால் நான் தடுக்க மாட்டேன். உங்கள் புண் அந்த ரகமில்லை.

தீப்புண்ணில் பூஞ்சை பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கு மேல்தான் தலைகாட்டும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை ஒழித்துவிட, காலியான இடத்தில் இது குடியேறும். சர்க்கரை நோய் அதற்கு இன்னும் வசதி.

மேலே தெரியும் வெள்ளை, களிம்பு படிந்த ஏடாகவும் இருக்கலாம். சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு அப்படிப் படியும். நீங்களே சுரண்டிப் பார்க்காதீர்கள். கறுப்புதான் எனக்குக் கவலை. புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தால் எந்தப் பூஞ்சை, எவ்வளவு ஆழம் என்று தெரியும். பஞ்சால் மேலாகத் துடைத்து எடுப்பது ஆழத்தைச் சொல்லாது. கேண்டிடாவுக்குப் பொதுவாகக் கேட்கும் ஃப்ளூகோனசோல் ஆஸ்பெர்ஜில்லஸிடம் செல்லாது. அதற்கு வோரிகோனசோல் மாதிரி வேறு மருந்து வேண்டும். செத்த சதையை வெட்டி எடுக்கவும் வேண்டியிருக்கலாம்.

நாளைக்கே அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், கறுப்பு பரவுவது, விரல் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் நாளை வரைகூடக் காத்திருக்காமல் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதுவரை சுத்தமான துணியால் தளர்வாக மூடியிருங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டை, களிம்புக் குழாய், சர்க்கரை ரிப்போர்ட் மூன்றையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.