முதல் சோலோ: நம்ம கரையோரத்துக் கேள்விகளும் பதில்களும்

பைலட் பயிற்சியில் சேர்ந்திருப்பவர்கள், சேர நினைப்பவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்று பலரும் கேட்டவை இவை. வெளியூர்களில் பல வருடம் சிறிய விமானப் பயிற்சியாளராக இருந்துவிட்டு இப்போது தேவிபட்டினத்தில் ஓய்வாக இருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மண்டபத்திலிருந்து: சார், சோலோ என்றால் எவ்வளவு தூரம் தனியாகப் போகணும்? உச்சிப்புளியிலேயே பழக முடியுமா?

சோலோ என்றால் பயிற்சியாளர் இறங்கிக்கொள்ள, மாணவர் மட்டும் தனியாகப் பறப்பது. அதற்காக எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை. ஓடுதளத்திலிருந்து ஏறி, வழக்கமாக இடப்பக்கம் திரும்பி, செவ்வகமாக ஒரு சுற்று சுற்றி, அதே ஓடுதளத்தில் இறங்க வேண்டும். அதைத்தான் சர்க்கியூட் என்கிறோம். உயரம் தரையிலிருந்து 1000 அடி. செஸ்னா 152, 172 போன்ற சிறிய பயிற்சி விமானத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து. அங்கே டோர்னியர் விமானம் ஏறி இறங்குவதை வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். பழக வெளியூர் போக வேண்டியதுதான்.

தொண்டியிலிருந்து: மகளுக்குப் பதினாறு வயது. கண்ணாடி போட்டிருக்கிறாள். சேர்க்கலாமா ஐயா?

மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது நிரம்பியிருந்தால் போதும். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். கண்ணாடி தடையில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் சரி. நிறக்குருடு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் பெரிய தொகை கட்டாதீர்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பரிசோதனைக்கு ஓடுகிற பெற்றோர் நிறையப் பேர்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, என்னோடு சேர்ந்தவன் 12 மணி நேரத்தில் சோலோ போய்விட்டான். எனக்கு 19 ஆச்சு. பயிற்சியாளர் இறங்கவே மாட்டேங்கிறார். என்னைப் பிடிக்கலையோ?

தம்பி, மணிக்கணக்கை விடு. நீ அழகாக இறக்குகிறாயா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இறக்கம் கெட்டுப்போகிறது என்று தெரிந்ததும், அவர் வாய் திறக்கும் முன்னால், நீயாகவே இன்ஜின் சக்தியைக் கூட்டும் திராட்டிலை முழுக்கத் தள்ளி 'கோ அரவுண்ட்' என்று மேலே போகிறாயா? அதற்காகத்தான் காத்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கும்வரை, கடைசி நொடியில் இன்னொரு கை வந்து காப்பாற்றும் என்ற நினைப்பு உள்ளே ஓடும். அது போய்விட்டதா என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது.

பூப்போல இறக்கத் தெரிந்த பிள்ளைகளை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். வேகம் கூடி, உயரமும் கூடி வந்தாலும் எப்படியாவது ஒப்பேற்றி இறக்கிவிடுவார்கள். நல்ல நாளில் அது சாமர்த்தியமாகத் தெரியும். கொஞ்சம் தடதடவென்று இறக்கினாலும், சரியில்லை என்றால் கூச்சப்படாமல் விட்டுவிட்டு மறுபடி சுற்றி வருகிறவனை முதலில் அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு அவரிடமே நேராகக் கேள்: "சார், என்கிட்ட இன்னும் எதைப் பார்க்கணும்?" கோபிக்க மாட்டார்.

பாம்பனிலிருந்து: அண்ணே, பயிற்சியாளர் இறங்கிட்டா விமானம் வேற மாதிரி நடந்துக்குமாமே?

ஆமாம். செஸ்னா 152 அதிகபட்சம் 757 கிலோவோடுதான் கிளம்பலாம். அதில் 75 கிலோ ஆள் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போச்சு. வள்ளத்திலிருந்து ஒருத்தர் இறங்கினதும் அது மேலே எழும்புவது உங்களுக்குத் தெரியாததா? வழக்கமாக எந்த இடத்தில் 1000 அடி தொடுவீர்களோ, அதற்கு முன்னாலேயே தொட்டுவிடும். இறங்கும்போது தரைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். அவசரப்பட்டு மூக்கை அமுக்காதீர்கள், அமுக்கினால் துள்ளும். ஓடுதளத்தின் கடைசி முனையைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டிருந்தால் அதுவாக உட்காரும்.

இன்னொன்று. அவர் இறங்கும்போது காலி இருக்கையின் பெல்ட்டைப் பூட்டிவிட்டுப் போவார். நீங்களும் இழுத்துப் பாருங்கள், தளர்ந்து கிடந்தால் கட்டுப்பாட்டுச் சக்கரத்தில் சிக்கும். வலது கதவையும் நீங்களே அமுக்கிப் பாருங்கள். மேலே போனபின் அது திறந்துகொண்டால் சத்தம்தான் பயங்கரமாக இருக்கும், விமானம் பறக்கும். கதவை விட்டுவிட்டுச் சுற்றை முடித்து இறங்குங்கள்.

ஏர்வாடியிலிருந்து: எவ்வளவு காற்றுவரை அனுப்புவார்கள்?

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. விமானக் கணக்கில் அது 31 நாட். செஸ்னா 172 தாங்கும் என்று கையேடு காட்டும் பக்கக் காற்றே 15 நாட்தான், 152க்கு 12. முதல் சோலோவுக்கு அதில் பாதிகூட இருக்க விடமாட்டார்கள். நேர் எதிர்க்காற்று நல்லது, பக்கத்திலிருந்து அடிப்பதுதான் தொல்லை. கடலோர ஓடுதளங்களில் காலையில் அனுப்புவது இதனால்தான். வெயில் ஏற ஏறக் கடல்காற்று கிளம்பிவிடும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் உங்கள் பெயரைப் பலகையிலிருந்து அழித்தால் வருத்தப்படாதீர்கள்.

மூக்கையூரிலிருந்து: கார்பரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்று பாடத்தில் வருகிறது. நம்ம வெக்கையில் ஐஸா சார்?

பிடிக்கும், அதுவும் நம்ம மாதிரிப் புழுக்கத்தில்தான். காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற இடம்தான் கார்பரேட்டர். பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகலான வழியில் காற்று விரையும்போதும் கார்பரேட்டருக்குள் வெப்பம் இருபது டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். வெளியே 28 டிகிரி, காற்றில் ஈரம் நிறைய என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இறங்குவதற்காக இன்ஜின் சக்தியைக் குறைக்கும்போது ஆபத்து அதிகம். அதனால்தான் குறைக்கும் முன்பே, கார்பரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை இழுக்கச் சொல்கிறார்கள். கோ அரவுண்ட் போனால் மறக்காமல் உள்ளே தள்ளுங்கள், இல்லையென்றால் முழு சக்தி வராது. 172இன் புதிய ரகங்களில் கார்பரேட்டரே இல்லை.

ராமேஸ்வரத்திலிருந்து: கலாம் ஐயா பைலட் தேர்வில் தோற்றது உண்மையா?

உண்மை. டேராடூனில் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், இடம் இருந்தது எட்டுப் பேருக்கு. 2006இல் குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார்.

சாயல்குடியிலிருந்து ஒரு தாய்: ஒரே பையன். மேலே இன்ஜின் நின்றுவிட்டால்?

விழாதும்மா, சறுக்கிக்கொண்டு வரும். 172 ஆயிரம் அடியிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் போலச் சறுக்கும். சுற்றும்போது ஓடுதளம் பக்கத்திலேயே இருக்கும். கிளம்பிய உடனே நின்றால்தான் சிக்கல். அப்போது திரும்பி ஓடுதளத்துக்கு வர ஆசைப்படக் கூடாது, மூக்கைத் தாழ்த்தி எதிரே தெரிகிற வெளியில் இறக்க வேண்டும். இதைப் பழக்காமல் எந்தப் பயிற்சியாளரும் இறங்கிக்கொள்ள மாட்டார். பயம் போகாது, தெரியும். பையன் பறக்கும் நேரத்தில் மட்டும் போன் பண்ணாதீர்கள்.

திருப்பாலைக்குடியிலிருந்து: இறங்கினதும் வாளித் தண்ணீரை ஊத்துவாங்களாமே?

பல பள்ளிகளில் ஊற்றுவார்கள். அமெரிக்காவில் சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கத்தரிக்கிற வழக்கம் உண்டு, நம் பக்கம் தண்ணீரோடு விட்டுவிடுகிறார்கள். போனையும், பறந்த மணிக்கணக்கை எழுதும் லாக்புக்கையும் முன்னாடியே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வாளியோடு நிற்பவர்களைப் பார்த்த பரபரப்பில் விமானத்தின் மொத்த மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்சை அணைக்காமல் குதித்து இறங்கி, மறுநாள் காலை பேட்டரி செத்துக் கிடந்து, முதலில் பறக்க வந்தவன் திட்டுவது கேட்டுச் சலித்த கதை. மிக்ஸ்சர் கைப்பிடியை இழுத்து இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, மாஸ்டரை அணைத்துவிட்டு அப்புறம் நனையுங்கள்.