கையால் தைக்கும் தோல் பர்ஸில் அட்டை அறைகளை ஏன் 'டி' வடிவில் வெட்டுகிறார்கள்?

'டி' வெட்டு என்பது, ஏ.டி.எம். அட்டை செருகும் அறைக்கான தோலை ஆங்கில 'டி' (T) எழுத்தைப் போல, மேலே இருபுறமும் காது நீண்டும் கீழே சற்று ஒடுங்கியும் இருக்கும்படி வெட்டுவதாகும்.

காரணம் ஓரத் தையலில் இருக்கிறது. 1 மி.மீ. தோலில் மூன்று அறைகளை நீள்சதுரமாகவே வெட்டி அடுக்கினால், ஓரத்தின் அடிப்பகுதியில் மட்டும் 3 மி.மீ. சேர்ந்துவிடும்; அதனுடன் வெளித்தோலும் கூடும்போது, மெழுகு நூல் கோத்த ஊசிகள் திணறுவதோடு, பர்ஸும் ஓரத்தில் மேடு தட்டி நிற்கும். 'டி' வெட்டிலோ காதுகள் மட்டுமே தையலை எட்டுகின்றன. அறைக்கு அறை விடும் இடைவெளி 12 மி.மீ. என்றால் காதின் உயரமும் அதே அளவுதான் என்பதால், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் அறை மட்டும் முழு நீள்சதுரமாக இருக்கும். ஒடுங்கிய அடிப்பகுதியை உள்தோலோடு குறுக்கே தைத்துவிட வேண்டும் (மறந்தால் அட்டை உள்ளே நழுவி ஒளிந்துகொள்ளும்).



தோலை மிச்சம்பிடிக்கவே இவ்வாறு வெட்டுகிறார்கள் என்று பலர் எண்ணுவது சரியன்று. கழித்தெடுக்கும் துண்டுகள் வேறு எதற்கும் உதவாத அளவுக்குச் சிறியவை.