பெட்டியைக் கழற்றுவதற்கு முன்: பழைய ஃபோர் வீல் கெப் கேள்வி பதில்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். விலையைக் கேட்டுவிட்டுப் பழைய கெப்பையே துடைத்து வைத்துக்கொண்டவர்கள் நம் மலையகத்தில் பலர். கேள்விகளும் அவர்களிடமிருந்துதான் வந்திருக்கின்றன. டிரான்ஸ்பர் பெட்டியை (கியர்பெட்டியின் பலத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) இறக்க வேண்டும் என்று கராஜில் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். பழுது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியில்தான் இருக்கும்.

அண்ணே, 1998 மிட்சுபிஷி எல்200 டீசல் வைத்திருக்கிறேன். லீவரை ஃபோர் வீலுக்குத் தள்ளினால் டாஷ்போர்டில் முன்சக்கர விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, இழுவை இல்லை. கொழும்பில் காட்டினேன், அங்கே ஒழுங்காக வேலை செய்தது. ராகலைக்கு வந்ததும் மறுபடியும் அதே கதை. (ராகலை, மரக்கறிச் செய்கையாளர்)

தம்பி, கொழும்பு கராஜ்காரர் பொய் சொல்லவில்லை. விளக்கு மின்னுகிறது என்றால் பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது, முன் அச்சைச் சக்கரத்தோடு இணைக்கும் ஃப்ரீவீல் கிளட்ச் இன்னும் கோர்க்கவில்லை என்று பொருள். அந்தக் கிளட்சை நகர்த்துவது வெக்யூம், அதாவது காற்றை உறிஞ்சுவதால் வரும் இழுப்பு. டீசல் எஞ்சினில் அந்த வெக்யூமை மின்சாரம் உண்டாக்கும் ஒல்டர்னேட்டரின் பின்புறத்தில் இருக்கும் சிறிய பம்ப் உண்டாக்குகிறது.

இங்கேதான் மலை குறுக்கே வருகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெக்யூம் என்பது வெளிக்காற்று தள்ளும் பலம்தான். வெளிக்காற்றே மெலிந்தால் அந்தப் பலமும் குறையும். கொழும்பில் மானியில் 27 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் நல்ல பம்ப் நுவரெலியாவில் 21 அளவில்தான் நிற்கும். ஆகவே இங்கே 21 காட்டுகிறது என்பதற்காகப் பம்பைத் தூக்கி எறியச் சொன்னால் நம்பாதீர்கள். குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கொழும்பில் சமாளித்துவிடும், ராகலையில் சமாளிக்காது.

முதலில் பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடலை இலகுவாக்கும் பூஸ்டருக்கும் இதே பம்ப்தான். பெடலும் கல்லாக இருந்தால் பம்ப்பையோ அதிலிருந்து வரும் பெரிய குழாயையோ பாருங்கள். பெடல் மென்மையாக இருந்தால் பழுது ஃப்ரீவீல் பக்கத்துச் சிறு குழாய்களில். பம்பிலிருந்து சொலனாய்டுகள் (மின்சாரத்தால் வெக்யூமைத் திறந்து மூடும் வால்வுகள்) வரை, அங்கிருந்து முன் அச்சு வரை ஒவ்வொன்றாகக் கையால் வளைத்துப் பாருங்கள். முனைகளில்தான் அதிகம் வெடித்திருக்கும். நுனியை வெட்டி மறுபடி செருகினாலே சிலவேளை முடிந்துவிடும். மாற்றுவதாக இருந்தால் வெக்யூமுக்கு உரிய தடித்த ரப்பர் குழாயே போடுங்கள். மீன்தொட்டிக் குழாய் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும்.

வெக்யூமில் இழுபட்டுக் கிளட்சை நகர்த்தும், அச்சில் இருக்கும் அக்சுவேட்டரைச் சோதிக்க மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். குழாயைக் கழற்றிவிட்டு அந்த வாயில் சிரிஞ்சைப் பொருத்தி இழுங்கள். பிஸ்டன் எதிர்த்து, விட்டதும் திரும்பி ஓடினால் உள்ளே சவ்வு நன்றாக இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் காற்றாக வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. குழாயும் சவ்வும் சரி என்றால் சொலனாய்டின் மின் இணைப்பைக் கழற்றித் துடையுங்கள். நம் ஊர் மூடுபனிக்குப் பச்சை பூக்காத செம்பு இல்லை. எல்லாம் இயங்கி, முன்சக்கரமும் இழுத்து, விளக்கு மட்டும் மின்னினால் அச்சில் உள்ள சுவிட்ச் கெட்டிருக்கிறது. அது அவசரமில்லை.

ஐயா, பழைய ஹைலக்ஸ். முன்சக்கரத்தில், சக்கரத்தை அச்சோடு பூட்டக் கையால் திருப்பும் ஹப். லீவர் விழுகிறது, விளக்கும் எரிகிறது, சேற்றில் பின்சக்கரம் மட்டும் சுற்றுகிறது. (பொகவந்தலாவை)

எஞ்சினை இயக்காமலே கண்டுபிடிக்கலாம். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். இரண்டு ஹப்பையும் லொக்கில் வைத்து, லீவரை ஃபோர் வீலில் விட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இப்போது அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சிறிது ஆடி நின்றுவிட்டால் எல்லாம் கோர்த்திருக்கிறது. தாராளமாகச் சுற்றினால் கீழே குனிந்து முன் புரொப்பெல்லர் ஷாஃப்டை (பெட்டியிலிருந்து முன் அச்சுக்குப் போகும் தண்டு) பாருங்கள். ஷாஃப்டும் கூடவே சுற்றினால் பெட்டிக்குள் கோர்க்கவில்லை. ஷாஃப்ட் அசையாமல் இருந்தால் ஹப் பிடிக்கவில்லை. ஒரு பக்க ஹப் பிடிக்காவிட்டாலே முன்புறம் முழுவதும் இழுவை இழந்துவிடும், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியலின் குணம் அது.

விளக்கை நம்பாதீர்கள். உங்கள் வண்டியில் அது பெட்டியின் நிலையை மட்டும் சொல்கிறது, ஹப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஹப்பைத் திறந்தால் பெரும்பாலும் பெயரிங் கிரீஸை அள்ளி அப்பியிருப்பார்கள். குளிரில் அது இறுகி, உள்ளே நகர வேண்டிய வளையத்தை நகரவிடாது. மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மெல்லிய கிரீஸை விரலால் பூசினால் போதும்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை மழையில் ஃபோர் வீலிலேயே வந்தேன். இப்போது லீவர் வெளியே வரமாட்டேன் என்கிறது. (நானுஓயா)

ஏ7 பாதை முழுவதும் தார். மழை விட்டு, தார் காய்ந்த இடங்களில்தான் இது இறுகியிருக்கும். இவ்வகை வண்டிகளில் முன், பின் அச்சுகளுக்கு நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சறுக்க இடமில்லாத தாரில் அந்த வித்தியாசம் முழுவதும் ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறும். சுத்தியலைத் தேடாதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெதுவாக ரிவர்ஸில் சில மீற்றர் போங்கள், லீவர் தானே விழும். முன்னால் புது டயர், பின்னால் வழுக்கை டயர் என்றால் நேர்ப் பாதையிலும் இதே முறுக்கு ஏறும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்.

முன் டிஃபரென்ஷியல் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருக்கிறது. (மஸ்கெலியா)

தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான அச்சு ஓடையில் இறங்கிக் குளிரும்போது காற்றை உள்ளிழுக்கும். பிரீதர் (அச்சு மூச்சுவிடும் காற்றுத் துளை) அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீதரைத் திறந்து ஊதுங்கள், எண்ணெயை மாற்றுங்கள், சில நாட்கள் ஓடியபின் மறுபடி பாருங்கள். மீண்டும் பால் நிறம் என்றால் சீல். வடிக்கும் முன் ஊற்றும் நட்டைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடித்துவிட்டு, ஊற்ற முடியாமல் நின்றவர்கள் உண்டு.

கொழுந்து மூட்டைகளோடு இறக்கத்தில் வரும்போது லோ கியர் தானாகக் கழன்றுவிடுகிறது. வீட்டிலேயே பார்க்கலாமா? (தலவாக்கலை)

சரியாகும்வரை சுமையோடு இறங்காதீர்கள். பெட்டி நியூட்ரலுக்கு வந்துவிட்டால் எஞ்சின் பிடிமானம் முழுவதும் போய், பிரேக் மட்டுமே மிஞ்சும். வீட்டில் பார்க்கக்கூடியவை இரண்டு: லீவர் இணைப்புகளின் தேய்ந்த புஷ், கியர்பெட்டி மவுண்ட் ரப்பர். மவுண்ட் கிழிந்திருந்தால் சுமையில் பெட்டி அசைந்து லீவரை இழுத்துவிடும். இரண்டும் சரியென்றால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ கியரோ தேய்ந்திருக்கிறது. இதற்குத்தான் பெட்டி இறங்க வேண்டும், அதை நல்ல பாஸ் (மெக்கானிக்) ஒருவரிடம் கொடுங்கள்.

பழைய லேண்ட் ரோவர். ஹேண்ட் பிரேக் போட்டு ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினேன், வண்டி உருண்டது. பிரேக் பழுதா? (அப்புத்தளை)

பிரேக் பழுதில்லை. அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் பெட்டியின் பின் ஷாஃப்டில் இருக்கிறது. ஒரு பின்சக்கரம் காற்றில் இருந்தால் அது ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ளது மறுபக்கம் உருளும். கட்டை போடாமல் அதைத் தூக்கவே கூடாது.

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் பழைய டிரான்ஸ்பர் பெட்டி வாங்கலாமா? (பண்டாரவளை)

வாங்கலாம், உங்கள் வண்டியில் கழற்றியதைக் கையோடு கொண்டுபோனால். ஸ்பீடோமீட்டர் கியர், ஷாஃப்டை முடுக்கும் பிளாஞ்சின் துளைகள், லீவர் வரும் பக்கம் மூன்றையும் ஒப்பிடுங்கள். எல்லா நிலையிலும் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். வடிகால் நட்டின் காந்தத்தில் சாம்பல் போன்ற தூள் இருந்தால் பரவாயில்லை. துண்டு துண்டாக இரும்பு ஒட்டியிருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் அடுத்த கடைக்குப் போங்கள்.