எல்லோரும் எனக்குக் கேட்கிறார்கள், நான்தான் யாருக்கும் கேட்கவில்லை

கேள்வி: அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. 100 வாட்ஸ் எச்எஃப் (சிற்றலை) ரேடியோவும், 40, 20 மீட்டர் பேண்டுகளுக்கு (அலைவரிசைப் பகுதிகளுக்கு) வெட்டிய கம்பி டைபோல் ஆன்டெனாவும் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக ரேடியோவை மடிக்கணினியோடு இணைத்து எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையை முயன்று வருகிறேன். ஒவ்வொரு 15 விநாடிக்கும் முப்பது, நாற்பது நிலையங்கள் திரையில் வந்து விழுகின்றன. நான் சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) அழைத்தால் மட்டும் பதில் இல்லை. இதுவரை முடித்தது மூன்றே தொடர்புகள். 40 மீட்டரில் அனுப்பும்போது சில சமயம் கணினிக்கும் ரேடியோவுக்கும் இடையே இணைப்பே அறுந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொல்கிறார் நண்பர். வாங்கலாமா? இன்னொன்று: டிஜிட்டல் என்றால் இப்படி நிலையத்தின் அழைப்புக்குறியும் எண்ணும் பரிமாறிக்கொள்வது மட்டும்தானா?

பதில்: ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். உங்களுக்குக் குறைவது வாட்ஸ் இல்லை. ஒரு 15 விநாடிச் சுற்றில் முப்பது நிலையங்கள் கேட்கின்றன என்றால் ஆன்டெனா வேலை செய்கிறது, பேண்ட் திறந்திருக்கிறது, அதாவது அலைகள் தொலைதூரம் போய் வருகின்றன. அவர்கள் வந்த வழியிலேயே திரும்பிப் போக 100 வாட்ஸ் தாராளம். அப்படியானால் மூன்றில் ஒன்று நடக்கிறது. உங்கள் சமிக்ஞை கெட்டுப்போய் வெளியேறுகிறது, அல்லது தவறான நேரத்தில் வெளியேறுகிறது, அல்லது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தும் வருகிற பதில் உங்கள் பக்கத்து இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. மூன்றையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் எஃப்டி8 எதை நம்பி நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்; பிறகு பழுது எங்கே என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கிய முறை இது. டெய்லர், இன்னொரு விண்மீனோடு இணையாகச் சுழலும் பல்சாரைக் (துடிப்பு விண்மீனைக்) கண்டறிந்ததற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் சமிக்ஞையைத் தேடி எடுப்பது அவருக்குத் தொழில். ஒரு எஃப்டி8 செய்தி வெறும் 77 பிட். ஓர் அழைப்புக்குறி 28 பிட்டுக்குள் அடங்கிவிடும். பிழைகண்டறியும் பிட்டுகளையும் பிழைதிருத்தும் பிட்டுகளையும் சேர்த்து 174 பிட்டாக்கி, 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்த எட்டுச் சுரங்களால் 12.64 விநாடி அனுப்புகிறார்கள். மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ்தான்.

திரையில் நீங்கள் பார்க்கும் மைனஸ் 15, மைனஸ் 20 என்ற டெசிபெல் எண்கள் 2500 ஹெர்ட்ஸ் அகலத்தின் மொத்த இரைச்சலோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுபவை. சமிக்ஞை உட்கார்ந்திருக்கும் 50 ஹெர்ட்ஸை மட்டும் எடுத்தால் இரைச்சல் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். அது 17 டெசிபெல். அதாவது மைனஸ் 20 என்பது அதன் சொந்த இடத்தில் மைனஸ் 3-தான். மீதியைப் பிழைதிருத்தம் பார்த்துக்கொள்கிறது. இந்தக் கணக்கு முழுவதும் இரண்டை நம்பியிருக்கிறது: சுரம் சுத்தமாக இருக்க வேண்டும், கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். 25 வாட்ஸை 100 ஆக்கினால் கிடைப்பது 6 டெசிபெல். கெட்ட ஒலியும் தவறிய நேரமும் அதைவிட எத்தனையோ மடங்கைத் தின்றுவிடும்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது: 20 மீட்டரில் 14.074 மெகாஹெர்ட்ஸில் நான்கைந்து முறை சிக்யூ அனுப்பிவிட்டு, ஐந்து பத்து நிமிடம் கழித்து பிஎஸ்கே ரிப்போர்ட்டர் வரைபடத்தைத் திறந்து உங்கள் அழைப்புக்குறியைத் தேடுங்கள். உலகெங்கும் இயங்கும் நிலையங்கள் தாங்கள் கேட்டதையெல்லாம் தாமாகவே அங்கே பதிகின்றன. பேண்ட் திறந்திருக்கும் நேரத்தில் வரைபடம் காலியாக இருந்தால் பழுது உங்கள் அனுப்புதலில். உங்களை மைனஸ் 10, மைனஸ் 12 என்று பலர் பதிந்திருந்தால் பழுது பெறுதலில், அல்லது அழைக்கும் விதத்தில். பதில் வராத ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லும் சோதனை இதுதான். இதைச் செய்யாமல் ரேடியோ அமைப்புகளில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது நேரம். எஃப்டி8-ஐ இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் திரையில் டிடி என்றொரு நெடுவரிசை இருக்கிறதே, பலரும் அதைக் கவனிப்பதேயில்லை. ஒவ்வொரு சமிக்ஞையும் உங்கள் கடிகாரத்தின்படி எத்தனை விநாடி முந்தியோ பிந்தியோ வருகிறது என்பது அது. ஒருவர் மட்டும் 1.5 காட்டினால் அவர் கடிகாரத்தில் கோளாறு. எல்லோரும் 1.5 காட்டினால் உங்கள் கடிகாரம்தான் ஒன்றரை விநாடி முந்தி ஓடுகிறது. அந்த நிலையிலும் நீங்கள் மற்றவர்களைப் படித்துக்கொண்டிருப்பீர்கள், ஏனென்றால் மென்பொருள் இரண்டு விநாடி வரை பொறுத்துக்கொள்ளும். ஆனால் எதிர்ப்பக்கம் அரை விநாடி, ஒரு விநாடி தவறியிருக்கும் நிலையத்துக்கு நீங்கள் எல்லைக்கு வெளியே போய்விடுகிறீர்கள். இணையத்தோடு அடிக்கடி நேரத்தைச் சரிபார்க்கும் என்டிபி நிரல் ஒன்றை நிறுவுங்கள். இணையம் இல்லாத இடத்தில் இயக்கினால் ஜிபிஎஸ் போதும். பெரும்பாலானோருடைய டிடி அரை விநாடிக்குள் இருந்தால் இந்த விஷயத்தை மறந்துவிடலாம்.

இனி ஒலி. உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. புதிதாக வருகிற பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒலியின் அளவு கூடினால் ரேடியோவின் ஏஎல்சி (அளவைத் தானே கட்டுப்படுத்தும் சுற்று) குறுக்கே வந்து அமுக்கும். பேச்சில் அது தெரியாது. இங்கே அது சுரத்தையே கெடுக்கும். 700 ஹெர்ட்ஸில் அனுப்பும் சுரத்தை அளவுக்கு மீறித் தள்ளினால் 1400-லும் 2100-லும் அதன் நிழல்கள் முளைக்கும். உங்கள் சக்தி மூன்றாகப் பங்கிடப்படும், அந்த இடங்களில் இருப்பவர்களுக்கும் தொல்லை. நான் தொடங்கிய காலத்தில், முகம் தெரியாத ஒருவர் என் சமிக்ஞை 600-லும் 1200-லும் சேர்ந்தே தெரிகிறது என்று படம் பிடித்து அனுப்பினார். அதுவரை இரண்டு வாரம் நானும் பதில் வராமல் சக்தியைக் கூட்டிக்கொண்டேதான் இருந்தேன். அந்தக் கடிதத்துக்கு இன்றும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

சரிசெய்யும் முறை இது. ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடை (சக்தியை வெளியே விடாமல் வெப்பமாக்கும் சோதனைச் சுமையை) மாட்டுங்கள். ரேடியோவில் பேச்சுக் கம்ப்ரெஸர், ஈக்வலைஸர் எல்லாவற்றையும் அணையுங்கள். டேட்டா முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பக்கப்பட்டை எப்போதும் யூஎஸ்பி (மேல் பக்கப்பட்டை, கேபிள் வகை அல்ல). 40 மீட்டரில் பேச்சுக்கு எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) வைத்துப் பழகிய கை இங்கும் அதையே வைத்துவிடும், கவனம். மென்பொருளில் டியூன் பொத்தானை அழுத்தி, ஒலி அளவைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். சக்தி மீட்டர் கூடவே ஏறும். ஒரு கட்டத்தில் ஏறுவது நின்றுவிடும். அங்கிருந்து சக்தி பத்தில் ஒரு பங்கு குறையும்வரை திரும்பி வாருங்கள், அதுவே சரியான இடம். ஏஎல்சி அசையவே கூடாது என்பது பொது விதி. சில ரேடியோக்களில் முதல் சில பட்டைகள் வேறு பொருளில் எரியும் என்பதால் கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மென்பொருளின் ரேடியோ அமைப்பில் ஸ்பிளிட் என்ற இடத்தில் 'ஃபேக் இட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அது ரேடியோவின் அதிர்வெண்ணைத் தானே நகர்த்தி, ஒலிச்சுரத்தை எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் இடையில் வைத்துக்கொள்ளும். அப்போது இரட்டிப்புச் சுரம் 3000-க்கு மேலே போய், ரேடியோவின் வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும். இது ஒரு காப்பீடு. ஒலி அளவைச் சரியாக வைப்பதற்கு மாற்று இல்லை.

கணினியின் ஒலி அமைப்பில் ரேடியோவின் சவுண்ட் கார்டு இயல்புச் சாதனமாக அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் மின்னஞ்சல் வந்த மணியோசையும் காற்றில் போகும். இயல்புச் சாதனம் கணினியின் சொந்த ஒலிபெருக்கியாகவே இருக்கட்டும். பெறும் பக்கத்தில், பேண்ட் அமைதியாக இருக்கும்போது மென்பொருளின் அளவுகோல் 30 டெசிபெல் அருகே நிற்கும்படி வையுங்கள். இரைச்சல் குறைப்பான் வேண்டாம், காதுக்கு இதமாகத் தோன்றினாலும் அது சுரங்களைச் சிதைக்கிறது.

40 மீட்டரில் மட்டும் இணைப்பு அறுகிறது என்றீர்களே, அதற்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமில்லை. ஆன்டெனாவிலிருந்து வரும் ரேடியோ அலை, கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு மேசைக்கே வந்து யூஎஸ்பி கேபிளில் புகுகிறது. உறுதிப்படுத்த எளிய வழி: 5 வாட்ஸில் அனுப்புங்கள். இணைப்பு நிலைத்து, 50 வாட்ஸில் அறுந்தால் சந்தேகமே இல்லை. ஆன்டெனாவில் கேபிள் சேரும் ஊட்டுமுனையில் ஒரு சோக் (கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் அலையைத் தடுக்கும் சுருள்) போடுங்கள், யூஎஸ்பி கேபிளை இரு முனைகளிலும் ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். எச்எஃப்-க்கு 31 எண் கலவை ஃபெரைட் ஏற்றது. ஒரே ஒரு கிளிப்பைக் கேபிளில் மாட்டிவிட்டு பயனில்லை என்பவர்கள் உண்டு. சுற்றுகள் கூடினால்தான் தடை கூடும், அதுவும் சுற்றுகளின் இருமடிப் பெருக்கத்தில்.

சக்தியையும் 25, 30 வாட்ஸுக்கு இறக்குங்கள். பேச்சில் 100 வாட்ஸ் என்பது உச்சத்தில் மட்டும் தொடும் எண். எஃப்டி8-இல் வைத்த சக்தி 12.64 விநாடியும் குறையாமல் ஓடும். வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் ஆயுளுக்கு நான் சொல்லும் அறிவுரை அதுதான்.

இனி அழைக்கும் விதம். சிக்யூ அழைத்துக் காத்திருப்பதை விட, அழைக்கும் ஒருவருக்குப் பதில் கொடுங்கள். அதிலும் மைனஸ் 5-க்கு மேல் கேட்பவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய அதிர்வெண்ணிலேயே உட்கார்ந்து அழைக்காதீர்கள், அங்கே இன்னும் ஐந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் கிடப்பார்கள். வாட்டர்ஃபாலில் (சமிக்ஞைகளை அதிர்வெண் வாரியாகக் காட்டும் திரையில்) காலியான இடம் பார்த்து, அனுப்பும் அதிர்வெண்ணைப் பூட்டும் பெட்டியை டிக் செய்துவிட்டு அழையுங்கள். இதில் ஒரு நுணுக்கம். நீங்கள் அனுப்பும் 15 விநாடியில் உங்களால் கேட்க முடியாது. நீங்கள் காலியென்று பார்த்தது எதிர்ச்சுற்று, அதாவது நீங்கள் கேட்கும் அடுத்த 15 விநாடி. உங்கள் சுற்றில் அதே இடத்தில் வலுவான ஒருவர் நிரந்தரமாக அமர்ந்திருந்தால் எத்தனை மணி நேரம் அழைத்தாலும் அது உங்களுக்குத் தெரியாது. ஆகவே பத்து முறை அழைத்தால் இரண்டு முறை நிறுத்திவிட்டு, உங்கள் சுற்றில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

வரைபடத்தில் நீங்கள் பலருக்குக் கேட்டும் பதில் வரவில்லையென்றால் உங்கள் வீட்டு இரைச்சலைச் சந்தேகியுங்கள். போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றாக இருக்கலாம். இரண்டு முனைகளின் இரைச்சலும் ஒன்றாக இருப்பதில்லை. ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்து, சமிக்ஞை வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரைப் பாருங்கள். முள் சரிந்தால் சார்ஜர், எல்இடி விளக்கு, சூரிய மின் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான். பொறுமையான வேலை, ஆனால் ஆம்ப்ளிஃபையரால் இதைச் செய்யவே முடியாது. ஆம்ப்ளிஃபையர் உங்கள் குரலைத்தான் உயர்த்தும், செவியை அல்ல.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எஃப்டி8 உரையாடலுக்காகப் பிறந்ததல்ல. மங்கலான பாதையில் தொடர்பை உறுதிப்படுத்துவது அதன் வேலை, அதைச் செம்மையாகச் செய்கிறது. பேச ஆசையென்றால் பிஎஸ்கே31 இருக்கிறது. பீட்டர் மார்ட்டினெஸ் 1990-களில் கொண்டுவந்தது, நொடிக்கு 31.25 பிட், ஏறத்தாழ ஒருவர் தட்டச்சு செய்யும் வேகம். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு, அரிதான எழுத்துக்கு நீண்ட குறியீடு என்று மோர்ஸின் மூளையை எடுத்துக்கொண்ட முறை. எஃப்எல்டிஜி நிரலைத் திறந்து 14.070-இல் கேளுங்கள். முன்பு போல் கூட்டம் இல்லை, ஆனால் அங்கே இருப்பவர்கள் பேசத்தான் வந்திருப்பார்கள். எதிர்முனை பலவீனமாக இருந்தால் ஜேஎஸ்8கால். எஃப்டி8-இன் அடித்தளத்தில் கட்டியது, விரும்பிய வாக்கியத்தை அனுப்பலாம், 14.078-இலும் 7.078-இலும் ஆட்கள் கிடைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: வேகம் குறைவு, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து அனுப்பவைக்கிறது. ஆன்டெனா எப்படி வேலை செய்கிறது என்று அறிய மட்டும் விரும்பினால் டபிள்யூஎஸ்பிஆர். இரண்டு நிமிடச் சுற்றில் ஒரு வாட்டுக்கும் குறைவாக அனுப்பிவிட்டு யார் யாருக்குக் கேட்டது என்று பட்டியல் பார்க்கலாம்.

எதைத் தொடங்கும் முன்னும் உங்கள் உரிமம் அந்த பேண்டில் அந்த வகை அனுப்புதலை அனுமதிக்கிறதா என்று சரிபாருங்கள். வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்கு இடையே பொருளை மறைப்பதற்காகக் குறியீடாக்கிய செய்தி கூடாது என்பது சர்வதேச வானொலி ஒழுங்குமுறையின் 25-ஆவது பிரிவிலிருந்து வருவது.

இவற்றை முடித்த பிறகும் பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். அப்போது நான்கு விவரம் சேர்த்து அனுப்புங்கள்: பேண்டும் நேரமும், உங்கள் திரையில் பொதுவாகத் தெரியும் டிடி, பிஎஸ்கே ரிப்போர்ட்டரில் உங்களுக்குக் கிடைத்த டெசிபெல் எண்கள், மெயின் சுவிட்சை அணைத்தபோது எஸ் மீட்டர் எவ்வளவு இறங்கியது என்பது.