மேசைப் போர் விளையாட்டுக்கு ஆப்பிரிக்கக் காலனியச் சமர்களுள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

சிற்றுருவப் பொம்மைகளைக் கொண்டு நண்பர்கள் சிலர் மேசையில் ஆடுவதற்கு, இரு தரப்புக்கும் வெல்லும் வாய்ப்புள்ள சமர் ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு, எத்தியோப்பியாவில் 1896 மார்ச் 1 அன்று நடந்த அட்வா சமர்.

பலரும் முதலில் நாடுவது தென்னாப்பிரிக்காவில் 1879 ஜனவரியில் நடந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் சமரையே. சுமார் 150 பிரித்தானியத் தரப்பினர் 3,000-க்கும் மேற்பட்ட சூலு வீரர்களை எதிர்த்து நின்ற அதற்குச் சிறிய மேசையே போதும். ஆனால், சூலு தரப்பை ஆடுபவருக்கு மீண்டும் மீண்டும் பாய்வதைத் தவிர முடிவெடுக்க அதிகமில்லை. சூடானில் 1898-இல் நடந்த ஓம்துர்மான் சமரில் ஏறத்தாழ 10,000 மஹ்தியர் (மஹ்தி என்ற சமயத் தலைவரின் வழிவந்த சூடானியப் படையினர்) மாண்டனர், எதிர்த்த பிரித்தானிய-எகிப்தியப் படையில் 50 பேர்கூட இறக்கவில்லை; அதை விளையாட்டாக்கவே எனக்குத் தயக்கம்.

அட்வாவில் இத்தாலியத் தளபதி பராத்தியேரி நான்கு படைப்பிரிவுகளை இரவோடிரவாக மலைப்பாதைகளில் நகர்த்தினார்; வரைபடத்தில் ஒரு குன்றின் இடம் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்ததால் அல்பெர்தோனேயின் பிரிவு மற்றவற்றை விட்டு வெகுதூரம் முன்னேறி, நவீனத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் கொண்டிருந்த எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக்கின் படையிடம் தனியாக அகப்பட்டது. எனவே ஒவ்வொரு பிரிவையும் ஒருவரிடம் கொடுத்து, அவர்கள் தமக்குள் பேசுவதைத் தடைசெய்து, சீட்டில் எழுதிய செய்தியை ஒரு சுற்று தாமதித்தே சேர்ப்பித்தால், அன்றைய குழப்பம் தானாகவே மேசைக்கு வந்துவிடும்.

இத்தாலியர் சுமார் 17,000 பேர், எத்தியோப்பியர் ஏறத்தாழ 1,00,000 பேர் என்பதால், 6 மில்லிமீட்டர் பொம்மைகளே ஏற்றவை. அவ்வளவு பொம்மைகள் இல்லையென்றால், வீழ்ந்த எத்தியோப்பியப் பொம்மைகளையே பின்வரிசையில் மறுபடி இறக்கலாம். உண்மைச் சமரில் இத்தாலியர் தோற்றதால், இரண்டு பிரிவுகளையாவது குலையாமல் பின்வாங்கச் செய்தால் இத்தாலியத் தரப்பு வென்றதாகக் கொள்ளுங்கள்.